கடைக்கும் முகாமுக்கும் நடுவில்: வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்புத் துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணும் தொழிலில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணக் கொன்டெய்னர்கள் வரிசையாக வந்து நின்ற நாட்களில்தான் நிவாரண வேலைக்குள் இழுக்கப்பட்டேன். 2016 மே, 2017 மே வெள்ளங்களிலும், 2025 நவம்பரில் திட்வா புயலிலும் புறக்கோட்டை முதலாளிமாரும் வெள்ளவத்தைக் கடைக்காரர்களும் வெளிநாட்டு உறவுகளும் என்னிடம் கேட்டது அநேகமாக ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

1. வெள்ளம் வந்துவிட்டது, கடையில் சாமான் இருக்கிறது. யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

லொறியில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு போன் எடுங்கள். முகாமில் எத்தனை குடும்பம் என்ற கணக்கு முதலில் கிராம உத்தியோகத்தரிடம் இருக்கும். அவரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும் போகும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. செஞ்சிலுவைச் சங்கக் கிளைகளிலும் கேட்கலாம்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான்: என்ன தேவை, எத்தனை பேருக்கு, எந்த நேரத்துக்குள், யார் பொறுப்பெடுப்பார். கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2016இல் கொலன்னாவைப் பக்கம் நாங்கள் ஒரு லொறி பாண் கொண்டுபோனோம். எங்களுக்கு முன்னால் மூன்று லொறி பாண் வந்து நின்றது. அந்த முகாமில் யாருக்கும் பாண் தேவைப்படவில்லை. குழந்தைகளுக்குக் காய்ச்சல் மருந்தும், படுக்கப் பாயும்தான் கேட்டார்கள். அன்று காலையில் ஒரு போன் எடுத்திருந்தால் பாயோடு போயிருப்போம்.

2. பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா? பணம் என்றால் நடுவில் யாராவது சாப்பிட்டுவிடுவார்களே?

அந்த ஊரில் கடை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் பணம் நல்லது. ஒரு வீட்டில் நீரிழிவு நோயாளி இருப்பார், இன்னொரு வீட்டில் கைக்குழந்தை இருக்கும். அவரவருக்கு என்ன வேண்டும் என்று அவரவருக்குத்தான் தெரியும். அந்தப் பணம் உள்ளூர்க் கடையில் செலவானால் அந்தக் கடைக்காரரும் எழும்புவார். கடைகளே தண்ணீருக்குள் இருந்தால், முதல் சில நாட்களுக்குப் பொருள்தான் வேண்டும்.

சாப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம் பொருளுக்கும் உண்டு, அரிசி மூட்டையும் காணாமல் போகும். தனி ஆளின் கணக்கில் போடாமல் அமைப்பின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள், ரசீது வாங்குங்கள். தொண்டு அமைப்புகளைப் பதியும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்படியோ வேறு முறைப்படியோ பதிவான அமைப்பா என்று கேளுங்கள். கேட்டால் நேர்மையானவர்கள் கோபிக்கமாட்டார்கள், பதிவு இலக்கத்தை உடனே தருவார்கள்.

3. நல்ல நிலையில் இருக்கும் பழைய உடுப்பை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

சுனாமிக்குப் பிறகு ஒரு பாடசாலை மண்டபத்தில் நாங்கள் பெட்டிகளைப் பிரித்தோம். ஒரு பெட்டியில் பனிக்காலக் கம்பளிக் கோட்டுகள், இன்னொன்றில் குதி உயர்ந்த செருப்புகள், பல ஒற்றைக் காலோடு. பத்துப் பேர் இரண்டு நாள் பிரித்தோம். கட்டக்கூடிய சாரம் ஒரு மூலையில் கொஞ்சம் சேர்ந்தது. மிச்சமெல்லாம் மழையில் நனைந்து நாறிப்போய் வெளியே கிடந்தது. நாகப்பட்டினக் கரையிலும் இதே கதைதான், தெருவோரம் பழந்துணி குவிந்து கிடந்தது.

பழைய உடுப்பை இலவசம் என்று நினைக்கிறோம். பிரிக்க ஆள், வைக்க இடம், ஏற்ற லொறி, கடைசியில் அப்புறப்படுத்தக் காசு, இத்தனையும் அதற்குச் செலவாகிறது. உடுப்புத்தான் கொடுக்க வேண்டும் என்றால் கெயிசர் வீதியில் புதுச் சாரமும் புது உள்ளாடையும் அளவு பிரித்து வாங்குங்கள். பெண்களுக்கு சானிட்டரி நாப்கின் கட்டாயம் வையுங்கள். பட்டியலில் கேட்க வெட்கப்படுவார்கள், அதனால் கேட்காமலே வைப்பது நல்லது.

4. ஒரு முகாமுக்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

உலகம் முழுவதும் நிவாரண அமைப்புகள் 1997இல் தொடங்கிய ஸ்பியர் என்ற தர அளவைப் பின்பற்றுகின்றன. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர் தண்ணீர், 2,100 கலோரி உணவு, கூரையின் கீழ் 3.5 சதுர மீற்றர் இடம். மலசலகூடம் தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. இருபது அடிக்கு இருபது அடி வகுப்பறையில் பத்துப் பேர்தான் படுக்கலாம் என்று அர்த்தம். நம் ஊரில் நாற்பது பேர் படுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரைப் பாருங்கள். 500 பேருக்கு ஒரு நாளைக்கு 7,500 லீற்றர். அரை லீற்றர் போத்தலில் கொடுத்தால் 15,000 போத்தல், மறுநாள் 15,000 வெற்றுப் போத்தல் வாய்க்காலில். ஒரு பௌசரும் இரண்டு தொட்டியும் இருந்தால் அதே வேலை முடிந்துவிடும். குடிநீர்த் தேவைக்கு மட்டும் என்றால் ஆளுக்கு இரண்டரை, மூன்று லீற்றர் போதும், போத்தல் அந்த முதல் நாளுக்குத்தான்.

இனி உலர் உணவுப் பொதி. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி, 100 கிராம் பருப்பு, 35 மில்லிலீற்றர் எண்ணெய், கொஞ்சம் சீனி சேர்த்தால் 2,100 கலோரி பக்கம் வரும். ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 14 கிலோ அரிசி, மூன்றரைக் கிலோ பருப்பு. நாம் வழக்கமாகக் கட்டும் ஐந்து கிலோ அரிசிப் பொதி அந்த வீட்டுக்கு இரண்டரை நாள்தான் வரும். ஒரு வாரத்துக்குப் போதும் என்று நினைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறோம்.

5. எங்களிடம் கொடுக்கச் சாமான் இல்லை. இரண்டு லொறியும் ஒரு ஸ்டோரும்தான் இருக்கிறது. பிரயோசனம் உண்டா?

உங்களைத்தான் நான் முதலில் தேடுவேன். அனர்த்தம் நடந்த இடத்தில் சாமான் பற்றாக்குறையைவிட, வந்த சாமானை இறக்கவும் எண்ணவும் அனுப்பவும் ஆளில்லாத பற்றாக்குறைதான் அதிகம். டி.என்.டி. கூரியர் கொம்பனி 2002இலேயே உலக உணவுத் திட்டத்தோடு கைகோர்த்து ஆட்களையும் களஞ்சிய அனுபவத்தையும் கொடுத்தது. சுனாமிக்குப் பிறகு, 2005இல், டி.எச்.எல். ஐ.நா.வோடு உடன்பாடு செய்தது. அதன்படி, நிவாரணம் வந்து அடைபடும் விமான நிலையங்களில் இறக்கி, பிரித்து, வெளியே அனுப்பும் வேலையை அவர்களுடைய பயிற்சி பெற்ற குழுக்கள் செய்கின்றன. யு.பி.எஸ்., மர்ஸ்க், அஜிலிட்டி போன்ற போட்டிக் கொம்பனிகள் பேரிடர் நேரத்தில் ஒரே அணியாக வேலை செய்கின்றன. எரிக்சன் 2000ஆம் ஆண்டிலிருந்து தொலைத்தொடர்புக் கருவிகளோடு பொறியியலாளர்களை அனுப்புகிறது.

இவர்கள் எல்லோரும் தங்களுடைய அன்றாடத் தொழிலைத்தான் கொடுத்தார்கள். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைமார் ஒரு கொன்டெய்னரை எவ்வளவு நேரத்தில் இறக்குவார்கள் என்று நமக்குத் தெரியும். அந்த வேகம் எந்தத் தொண்டர் குழுவுக்கும் வராது. ஆனால் அவர்களுக்கு நாட்கூலி கொடுங்கள், சேவை என்று சொல்லி அதை நிறுத்தாதீர்கள். அவர்களுடைய வீடும் மட்டக்குளியிலும் களனிக் கரையிலும்தான் இருக்கிறது.

6. இதெல்லாம் பெரிய கொம்பனிகளுக்குத்தானே? சின்னக் கடைக்காரன் என்ன செய்ய?

2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில், ஐ.நா.வின் இரண்டு அமைப்புகள் சேர்ந்து தனியார் துறை வலையமைப்புகளை இணைக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கின. ஒரு கொம்பனி தனியாகச் செய்வதைவிட, நாடு நாடாக வியாபாரிகள் முன்கூட்டியே ஒன்றுசேர்ந்து நிற்பதுதான் அதன் யோசனை. பிலிப்பைன்ஸில் அதற்கு முன்பே, 2009இல், பெரிய கொம்பனிகள் சேர்ந்து அப்படி ஓர் அமைப்பை உருவாக்கியிருந்தன. இலங்கையிலிருந்து கொழும்பில் இயங்கும் ஏ-பாட் ஸ்ரீ லங்கா என்ற அமைப்பு அந்த வலையில் இருக்கிறது.

இதே வேலையை ஒரு தெரு அளவில் செய்யலாம். உங்கள் தெருவில் பத்துக் கடை சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: யாரிடம் லொறி, யாரிடம் ஜெனரேட்டர், யாரிடம் தண்ணீர் பம்ப், யார் மொத்தமாக அரிசி கடனுக்குத் தருவார், யாருக்குச் சிங்களமும் தமிழும் இரண்டும் எழுத வரும், இரவில் யாருடைய போன் திறந்திருக்கும். அந்தத் தாளின் பிரதி ஒன்று பிரதேச செயலகத்தில் இருக்கட்டும். இதை மழைக்கு முன்னால் செய்ய வேண்டும், மழை தொடங்கிய பிறகு யாருக்கும் எழுத நேரம் இருக்காது.

7. நான் பார்மசி நடத்துகிறேன். காலாவதி ஆக மூன்று மாதம் இருக்கும் மருந்துகளைக் கொடுக்கலாமா?

வேண்டாம். மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் 1996இல் வழிகாட்டல் வெளியிட்டது, பிறகு அதைத் திருத்தியும் இருக்கிறது. அதில் முக்கியமானவை: பெறுகிறவர் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும், போய்ச் சேரும்போது பொதுவாகக் குறைந்தது ஒரு வருஷக் காலாவதி மிச்சம் இருக்க வேண்டும், அங்குள்ளவர்கள் வாசிக்கும் மொழியில் பெயர் இருக்க வேண்டும், நோயாளிகள் திருப்பிக் கொடுத்ததும் டொக்டர்மாருக்கு வந்த சாம்பிளும் கூடாது.

இந்த விதிகளுக்குப் பின்னால் பெரிய வேதனை இருக்கிறது. பொஸ்னியாவுக்கு 1992க்கும் 1996க்கும் இடையில் வந்த மருத்துவ நன்கொடை ஏறத்தாழ 35,000 தொன். அதில் பாதி, 17,000 தொன், உபயோகமில்லாதது என்று பிறகு மதிப்பிட்டார்கள். போரில் நொந்த நாடு அதை அழிக்கவும் வழி தேட வேண்டியிருந்தது. இலங்கைக்குள் வெளியிலிருந்து மருந்து வருவதென்றால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். 2022 நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டபோது, சுகாதார அமைச்சின் பட்டியலைப் பார்த்து, மருந்தின் பொதுப்பெயரோடு கேட்டு அனுப்பியவர்களின் சாமான்தான் வார்டுக்குப் போனது.

8. குழந்தைப் பால்மா கொடுப்பதில் என்ன பிழை?

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு முகாமில் மாப்பால் பழக்கினால் தாயின் பால் குறைகிறது. மாவைக் கரைக்கும் தண்ணீர் அசுத்தம், போத்தலைக் கொதிக்க வைக்க அடுப்பில்லை, வயிற்றோட்டம் வருகிறது. தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாவை விற்பது பற்றி 1981இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட விதிக்கோவையைத் தொடர்ந்து இலங்கையிலும் இதற்கு விதிக்கோவை உண்டு. உண்மையாகவே மாப்பால் தேவைப்படும் குழந்தைகளை மருத்துவ மாது பார்த்து முடிவெடுப்பார். நீங்கள் தாய்க்குச் சாப்பாடு கொடுங்கள், பால் கொடுக்க மறைவான இடம் அமைக்கத் துணி கொடுங்கள்.

9. லண்டனிலிருந்து தம்பி ஒரு கொன்டெய்னர் அனுப்புகிறேன் என்கிறான். அனுப்பச் சொல்லவா?

இது என்னுடைய தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நன்கொடை என்று பெட்டியில் எழுதியதால் மட்டும் சுங்கத் தீர்வை தானாக நீங்காது. பெறப்போகும் அமைப்பின் பெயரில் பி.எல்., அதாவது கப்பல் சரக்குச் சீட்டு, இருக்க வேண்டும், விலக்குக்கான அனுமதியைக் கப்பல் வரும் முன்பே அந்த அமைப்பு வாங்கியிருக்க வேண்டும். பாக்கிங் லிஸ்ட்டில் 'நிவாரணப் பொருட்கள்' என்று ஒரே வரியில் எழுதினால் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்ப்பார்கள். அந்த நாட்களில் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறிக்கொண்டே இருக்கும். உள்ளே இருந்த சாமானின் விலையைவிட டெமரேஜ் கூடிப்போன கொன்டெய்னரை நானே கையில் வைத்துக்கொண்டு தவித்திருக்கிறேன். அதை அனுப்பியவர்கள் ஒரு கோயில் மண்டபத்தில் மூன்று வாரம் கண்முழித்துக் கட்டியிருந்தார்கள். அவர்களுக்கு போன் எடுத்துச் சொன்னதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கஷ்டமான வேலை.

அரிசியும் பருப்பும் பாயும் இங்கேயே மொத்த விலையில் கிடைக்கின்றன, பழைய சோனகத் தெருவில் காலையில் வாங்கினால் பின்னேரம் லொறியில். ஆகவே தம்பியிடம் பணம் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கிடைக்காத கருவி என்றால், உதாரணமாக ஆஸ்பத்திரி எழுத்தில் கேட்ட ஓர் இயந்திரம், அப்போது கொன்டெய்னர் சரி. பெட்டி ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பது, எண்ணிக்கை, எடை மூன்றும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்க வேண்டும். ஓர் ஆள் தூக்கக்கூடிய எடையில் கட்டச் சொல்லுங்கள்.

10. காஸாவுக்கும் சூடானுக்கும் இங்கிருந்து சாமான் அனுப்ப முடியுமா?

மனம் பதறுவது எனக்கும் புரிகிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் அடைபட்டிருப்பது வழி. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 பூகம்பத்துக்குப் பிறகு காத்மண்டுவுக்கு இருந்தது ஒரே ஓடுபாதை. உதவி விமானங்களின் பாரத்தில் அது பழுதாகி, மே 3ஆம் திகதி பெரிய விமானங்களை நிறுத்தினார்கள். கேட்காத பெட்டியோடு வரும் ஒவ்வொரு விமானமும் அங்கே ஒரு மருத்துவக் குழுவின் இடத்தைப் பிடிக்கிறது.

உலக உணவுத் திட்டம் டுபாய், பிரின்டிசி, அக்ரா, பனாமா, கோலாலம்பூர் பக்கங்களில் களஞ்சியங்களில் கூடாரமும் மருத்துவப் பொதியும் தயாராக வைத்திருக்கிறது. அதை நகர்த்தப் பணம்தான் வேண்டும். 2024இல் இலங்கை அரசு காஸா சிறுவர் நிதியத்தைத் தொடங்கியது. இப்தார் நிகழ்வுகளுக்கு ஒதுக்கிய பணமும் மக்கள் கொடுத்ததும் அதில் சேர்ந்தன. முதலில் பத்து லட்சம் டொலர் பலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. அமைப்புக்குப் போனது. நம் ஊர் அனுபவத்தில் சரியாக நடந்த ஒரு வழி அது. தனியாக அனுப்புவதென்றால் வங்கி மூலம், செஞ்சிலுவை அல்லது ஐ.நா. அமைப்புகளுக்கு அனுப்புங்கள்.

11. நிவாரண அமைப்புகளுக்கு லாபம் வைத்து விற்றால் பாவமா?

இல்லை. ஐ.நா. அமைப்புகள் தார்ப்பாயும் கொசுவலையும் சமையல் பாத்திரமும் உலகச் சந்தையில் வாங்குகின்றன. அதற்கு ஒரு பொதுப் பதிவுத் தளம் உண்டு, கொழும்புக் கொம்பனியும் பதிந்து விலை கேட்புக்குப் போட்டியிடலாம். வழக்கமான லாபத்தில், சொன்ன தரத்தில், சொன்ன நாளில் கொடுத்தால் அது நல்ல வேலை. வெள்ளம் வந்த அன்று மெழுகுதிரி விலையை இரட்டிப்பாக்குவதுதான் பாவம், அதை எந்த நன்கொடையும் கழுவாது.

12. வரியில் கழிக்கலாமா?

அங்கீகரிக்கப்பட்ட தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்ததற்கும் அரசுக்குக் கொடுத்ததற்கும் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் வெவ்வேறு விதி இருக்கிறது, வரம்பும் இருக்கிறது. இரண்டாம் பதிலில் சொன்ன ரசீதோடு கணக்காளரைப் பாருங்கள்.

13. பனர் கட்டிப் படம் எடுத்துப் போடலாமா? கொம்பனிக்கு விளம்பரம் வேண்டுமே.

லொறியைப் படம் எடுங்கள், மூட்டையைப் படம் எடுங்கள். பொதி வாங்கும் அம்மாவின் முகத்தை எடுக்காதீர்கள். 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் ஏற்ற நடத்தைக் கோவையின் கடைசி விதி இதைத்தான் சொல்கிறது: விளம்பரத்தில் அவர்களைக் கதியற்ற பொருட்களாகக் காட்டாமல் கௌரவமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும். நேற்றுவரை உங்கள் கடையில் கணக்கு வைத்து வாங்கிய மனுஷி அவர்.

14. எங்கள் ஆட்களுக்கு மட்டும் கொடுக்க விரும்புகிறோம். அதில் தவறு உண்டா?

உங்கள் பணம், யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் ஒரு முகாமுக்குள் போய், ஒரே கூரையின் கீழ் படுத்திருப்பவர்களில் ஒரு பகுதிக்கு மட்டும் கொடுத்தால், நீங்கள் திரும்பிவந்த பிறகு அந்த இரவு அங்கே எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அதே நடத்தைக் கோவை, இனம், மதம் பாராமல் தேவையை மட்டும் பார்க்கச் சொல்கிறது.

விடுபடுகிறவர்களைத் தேடிப் போங்கள். மலையகத்தில் 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. லொறி போகும் பெருந்தெருவோரம் சாமான் குவியும், மேலே நடந்து ஏற வேண்டிய லயனுக்கு அது போகாது. பட்டியல் சிங்களத்தில் மட்டும் வரும், தன் பெயர் இருக்கிறதா என்று அவர்களால் பார்க்க முடியாது. ஆறாம் பதிலில் இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த ஆளைத் தாளில் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

15. நல்ல மனதோடு செய்தும் கெடுதல் ஆகுமா?

ஆகும். சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. பம்ப் வைத்திருந்த எல்லோரும் உதவிக்குப் போய்த் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அங்கே மணலுக்கடியில் நன்னீர் மெல்லிய படையாகக் கடல்நீரின் மேல் நிற்கிறது. அதிகமாக இறைத்ததும் கீழிருந்த உப்புநீர் மேலேறி, பல கிணறுகள் இன்னும் மோசமாயின. பத்தரமுல்லையில் தலைமையகம் உள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை அளந்து, மழை கழுவும்வரை கிணற்றை அதன் பாட்டில் விடச் சொன்னார்கள். களனிக் கரை வெள்ளத்தில் கிணற்றை இறைத்துக் குளோரின் போடுவது சரி, கிழக்கு மணலில் பிழை. பம்போடு போகும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

16. எப்போது நிறுத்துவது?

உள்ளூர்க் கடை கதவு திறந்த அன்று பொதி கட்டுவதை நிறுத்துங்கள். அப்புறம் தேவை மாறும், அப்போது ஆளும் குறைந்துவிடும். ஆறாம் வாரத்தில் யாரும் போன் எடுக்கமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் தையல்காரருக்கு மோட்டர் போன தையல் மெஷின் திருத்த வேண்டும், கடைக்காரருக்கு நனைந்த சரக்குக்குப் பதில் இரண்டு மாதக் கடனில் சாமான் வேண்டும், பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து வேண்டும். புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கடனுக்குச் சரக்கு கொடுப்பது தினசரி வேலை. கொலன்னாவையில் ஒரு சில்லறைக் கடைக்கு ஒருவர் அப்படிக் கொடுத்தார், பழைய பாக்கியை ஆறு மாதம் கேட்கவில்லை. அந்தக் கடை இன்றும் திறந்திருக்கிறது, அவரிடமிருந்துதான் அரிசி வாங்குகிறார்கள்.